பாக்மார்க் என்றால் என்னவென்று கேட்ட அக்காவுக்கு

தாயில்லாத எனக்குத் தலைவாரி, சோறு போட்டு ஆளாக்கிவிட்ட என் அக்கா பச்சையம்மாவுக்கு,

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி, அடுத்து வந்த கோடை அது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற ரயிலில் மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிற சுங்கக்காரர்கள் இல்லாமல் போன முதல் கோடை. நான் ஜங்ஷன் லோகோ ஷெட்டில் கரி அள்ளப் போய்க்கொண்டிருந்தேன். அந்தச் சித்திரையில் மழை ஒரு தூறல்கூட இல்லை. காணைப் பக்கத்துக் கிணறுகளில் எல்லாம் வாளி தரையைத் தட்டியது. நம் ஊருக்குள் ஆத்தா இறங்கினாள்.

வருஷத்தைச் சொல்லடா என்றால் எனக்கு இப்படித்தான் சொல்ல வரும். எழுத்து தெரியாதவனுக்கு நடந்ததுதான் நம்பர். இந்தக் கடிதத்தை எழுதுவது என் மருமகள் செல்வி. நான் 'வந்துக்கினு'ன்னு சொன்னால் அவள் 'வந்துகொண்டு' என்று எழுதுகிறாள். "அப்படி எழுதினாத்தான் மாமா படிக்கிறவங்களுக்கு மரியாதையா இருக்கும்" என்கிறாள். யார் படிக்கப் போகிறார்கள்? நீ படிக்கப்போவதில்லை. உனக்கும் எழுத்து தெரியாது. இருந்தாலும் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் போய்ச் சேர எனக்கு மனசு வரவில்லை.

உனக்கு ஆத்தா வார்த்தது அதற்கும் முந்தி. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸ் ஜனம் மூட்டை முடிச்சோடு விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வந்து இறங்கின வருஷம். நான் இடுப்புக் குழந்தை. அம்மாவும் நீயும் ஒரே பாயில் வாழையிலை போட்டுப் படுத்திருந்தீர்களாம். அம்மா போய்விட்டாள். ஆத்தா மேலே இருக்கும்போது செத்தால் எரிக்கக் கூடாது, மேளம் கூடாது, வாய்விட்டு அழவும் கூடாது என்று சொல்லி, சத்தமில்லாமல் கொண்டுபோய்ப் புதைத்தார் அப்பா. நீ பிழைத்தாய். முகம் முழுக்க, காது மடலிலும்கூட, இடம் விடாமல் குழி.

அதற்குப் பிறகு கோடை வந்தால் ஊருக்கு நீ வேண்டும். ஆத்தா ஒருதரம் வந்தவளிடம் மறுதரம் வரமாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். எந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்களோ அந்த வீட்டிலிருந்து உனக்கு ஆள் வரும். நீ போய் உட்காருவாய். வேப்பங்கொத்தால் விசிறுவாய், மோர் புகட்டுவாய், புண்ணில் இலை ஒட்டாமல் புரட்டிப் போடுவாய். கல்யாணம், சடங்கு என்றால் யாரும் உன்னைக் கூப்பிட்டதில்லை. ஆத்தா வந்தால் கூப்பிடுவார்கள்.

அப்படி இருக்கையில்தான் திண்டிவனத்திலிருந்து அந்த இடம் வந்தது. வேர்க்கடலை உடைக்கிற மல்லாட்டை மில்லில் மூட்டைக்குப் பொறுப்பாக இருந்த தணிகாசலம். ரெண்டாந்தாரம்தான். முதல் பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், குழந்தையும் தங்கவில்லை. வயசு முப்பதுக்குள். பேச வந்தது அவருடைய தாய்மாமன். திண்டிவனம் கோர்ட்டில் குமாஸ்தா. கோட்டுப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், நம் வீட்டு நடுவில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நீ சுவருக்கு அந்தப் பக்கம் கேப்பை திரித்துக்கொண்டிருந்தாய்.

"பொண்ணுக்கு பாக்மார்க் இருக்குதுன்னு கேள்விப்பட்டோம்" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எங்க பக்கத்துல அப்படி ஒண்ணும் கெட்ட பழக்கம் கெடையாதுங்க" என்றார்.

குமாஸ்தா சிரித்துவிட்டார். "அது இல்லய்யா. மூஞ்சில இருக்கிறதத்தான் சொல்றேன். அதுக்கு இங்கிலீஷ்ல அதான் பேரு. எங்க தணிகாசலத்துக்கு அதுல ஆட்சேபணை இல்ல. ஒருதரம் நேர்ல பார்த்துட்டா தேவலைன்றான். வர்ற வெள்ளிக்கெழமை வர்றோம்."

அவர் போனதும் நீ வெளியே வந்தாய். கையெல்லாம் கேப்பை மாவு. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. என்னைத்தான் கேட்டாய்.

"இன்னாடா அது, பாக்மார்க்கு?"

"எனக்கு இன்னா தெரியும்? கரி அள்றவனப் போய்க் கேக்கறியே."

"தொரைங்களோட வேல செய்யறேன்னு பீத்திக்கிறியே, கேட்டுக்கினு வா. எம் மூஞ்சிக்கு ஒரு பேரு இருக்குதாம், எனக்கே தெரியாம. அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சி, இன்னா அர்த்தம், கேட்டுக்கினு வா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நீ அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டில் கண்ணாடி வாங்கிப் பார்த்தாய். நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலே புதன்கிழமை, நம் சந்துக் கோடியில் மங்கை வீட்டுக் குழந்தைக்கு ஆத்தா வார்த்தது. மூன்று வயசுப் பெண் குழந்தை. மங்கையின் புருஷன் கரும்பு வெட்டப் போனவன் எந்த ஊரில் இருக்கிறான் என்றே தெரியாது. மங்கை நம் வாசலில் வந்து நின்றாள். சும்மா நின்றாள்.

அப்பா கத்தினார். "வெள்ளிக்கெழம ஆளுங்க வர்றாங்க. அந்த வூட்டுல காலெடுத்து வெச்சா புள்ள தலைக்கு மூணாந்தண்ணி ஊத்தற வரைக்கும் வெளிய வர முடியுமா? வேற வூட்டுல நொழைய முடியுமா? ஊர்ல வேற ஆளே இல்லியா?"

வேறு ஆள் இல்லை. அது அப்பாவுக்கும் தெரியும்.

நீ சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன், செல்வி, அப்படியே எழுது. "நானும் அம்மாவும் படுத்துக்கினு இருந்தப்ப வாசல்ல நெழலாடுதான்னு பார்த்துக்கினே இருந்தேம்பா. ஒருத்தரும் வரல. அம்மா செத்தது எனக்குத்தான் மொதல்ல தெரியும். கையி சில்லுனு ஆயிடுச்சி. அப்பவும் ஒருத்தரும் வரல."

நீ போய்விட்டாய்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் வந்துவிட்டார்கள். விழுப்புரம் வரை பஸ், அங்கிருந்து ஒற்றை மாட்டு வண்டி. குமாஸ்தா, தணிகாசலம், அவருடைய அம்மா. சந்து முனையில் வேப்பிலையைப் பார்த்ததுமே அந்த அம்மாள் வண்டியை விட்டு இறங்கவில்லை. நம் வீட்டில் தண்ணீர்கூட வாங்கவில்லை. அப்பா விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போது துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தப்பு செய்தவர் மாதிரி நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஜல்தியா போயி அக்காகிட்ட சொல்லு" என்றார்.

சொல்லு என்று அவர் சொல்லிவிட்டார். எப்படிச் சொல்வது? ஆத்தா இருக்கிற வீட்டு வாசலில் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. 'வா' என்று சொல்லக் கூடாது, ஆத்தா கூடவே வந்துவிடுவாள். 'போ' என்றால் கோபித்துக்கொள்வாள். 'போயிட்டு வர்றேன்' என்றும் சொல்லிக்கொள்ளக் கூடாது. நான் சந்தில் நின்று இருமினேன். ரெண்டு தரம் இருமின பிறகு நீ வாசற்படிக்கு வந்தாய். கையில் வேப்பங்கொத்து. கண் ரெண்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"திண்டிவனம்" என்றேன்.

"தெரியும். வண்டி சத்தம் கேட்டுச்சி."

"இப்ப இன்னா பண்றது?"

"புள்ளைக்குக் கண்ணுல முத்து எறங்கியிருக்குதுடா. எளநித் தண்ணி விட்டுக்கினே இருக்கணும். இன்னிக்கு நகர்ந்தன்னா ரெண்டு கண்ணும் அவுட்டு." சந்து முனையைப் பார்த்தாய். "பார்க்கத்தான வந்திருக்காங்க? சந்துல நின்னு பார்க்கச் சொல்லு. எல்லாமே வெளியதான் இருக்குது. மறைச்சி வெக்கிறதுக்கு எங்கிட்ட இன்னா இருக்குது?"

நான் போய்ச் சொன்னேன். வண்டியில் இருந்த அந்த அம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "நல்ல காரியத்துக்கு வந்துட்டு ஆத்தா வாசல்ல போயி நிக்கறதா?" குமாஸ்தா மீசையைத் தடவினார். தணிகாசலம் மட்டும் செருப்பைக் கழற்றி வண்டிக்கு அடியில் விட்டுவிட்டு, "எந்தப் பக்கம் தம்பி?" என்றார்.

அந்த ஒரு கேள்விக்காகவே அந்த மனிதனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உனக்கு நினைவிருக்குமா? எதையும் மறக்கிற ஆளா நீ? அவர் சந்தின் அந்த ஓரம், நீ வாசற்படி. நடுவில் நான். வெயில் உன் முகத்தில் நேராக விழுந்தது. நீ முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை. நிழலுக்கும் நகரவில்லை. எந்தப் பெண்ணும் பார்க்க வந்தவன் எதிரில் அப்படி நின்றிருக்க மாட்டாள். அவரும் தலையைத் திருப்பவில்லை.

"கொழந்தைக்கு எப்படிங்க இருக்குது?" என்றார்.

"கண்ணு தப்பிச்சா போதும்."

"நேத்துலேருந்து தூங்கலியா நீங்க?"

"தூங்கிட்டா யாருங்க விசிறுவாங்க?"

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. உள்ளே குழந்தை முனகியது, நீ திரும்பி உள்ளே போய்விட்டாய். அவர் கொஞ்ச நேரம் காலி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, சொல்லிக்கொள்ளாமல் நடந்தார். வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

குழந்தைக்குக் கண் தப்பியது. முகம் முழுக்கக் குழி விழுந்தாலும் ரெண்டு கண்ணும் தெளிவாக இருந்தது. மூணாந்தண்ணி ஊற்றி, கூழ் ஊற்றி, ஆத்தாவை மலையேற்றி அனுப்பின அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்தாய். தலை முழுகினாய். என்னிடம் மெதுவாகக் கேட்டாய்: "ஏதாவது சொல்லி அனுப்புனாங்களாடா?"

இல்லை என்றேன்.

ஆடி வந்தது, ஆவணி வந்தது. சேதி வரவில்லை. நான் ஒருதரம் அப்பாவிடம், "நாமளே ஒரு ஆள அனுப்பிக் கேட்டா இன்னா?" என்றேன். "பொண்ணு வூட்டுக்காரன் போயி, என் பொண்ணப் புடிச்சிதான்னு கேக்கறதா? பார்த்துட்டுப் போனவன்தான்டா சொல்லி அனுப்பணும். பேசாம போனான்ல, அதான் பதிலு." அப்பா சொன்னது முறைதான். பெண் பார்க்கிறதில் முறை அதுதான். நீயும் அதைத்தான் நம்பினாய். பேசாமல் போனாரே, அதுதான் பதில் என்று.

தை மாசம் அவருக்குக் கல்யாணம் என்று காணைச் சந்தையில் யாரோ சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது நீ கேட்டாய், "அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டியாடா?" நான் மறந்தே போயிருந்தேன்.

மறுபடி அது எனக்கு வாய்த்தது நயா பைசா வந்த புதுசில். விழுப்புரத்துப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த நயினார் வாத்தியார் ஒருவர் இருந்தார். மேல்சித்தாமூர்க்காரர், சமணர். வாரக் கடைசியில் திண்டிவனம் பாசஞ்சரில் ஊருக்குப் போவார். பொழுது சாயறதுக்குள் சாப்பிட வேண்டும் என்று பிளாட்பாரத்திலேயே பொட்டலத்தைப் பிரித்துவிடுவார். அவரிடம் போய் நின்றேன்.

"அய்யா, பாக்மார்க்குன்னா இன்னாங்க?"

"என்னப்பா ஏழுமலை, இங்கிலீஷ் கத்துக்கப் போறியா? ஆரம்பிக்கிறதுக்கு வேற வார்த்தை கெடைக்கலியா?"

"எங்க அக்கா கேட்டுச்சிங்க."

என் கரி முகத்தைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "பாக்குன்னா கொப்புளம். ரொம்பப் பழைய வார்த்தை. வெள்ளைக்காரன் இந்த ஊருக்கு வர்றதுக்கு எவ்வளவோ முந்தி, அவங்க ஊருக் குடியானவங்க பேசினது. வீங்கினது, ஊதினதுன்னு அடி அர்த்தம். பைக்குச் சொல்ற வார்த்தையும் அதுக்கு ஒறவுதான். சட்டைப் பைய பாக்கெட்டுன்றோமே, அதெல்லாம் ஒரே குடும்பம்னு வெச்சுக்கோ. கொப்புளம்ன்றது தோல்ல ஒரு சின்னப் பை தானே? அந்த பாக்கு நெறைய சேர்ந்தா பாக்ஸ். ஆஸ்பத்திரியில ஸ்மால்பாக்ஸுன்றது அதான். மார்க்குன்னா அடையாளம். பை இருந்த எடத்தோட அடையாளம்."

நான் அதுவரைக்கும் ஸ்மால்பாக்ஸ் என்றால் சின்னப் பெட்டி என்றுதான் நினைத்திருந்தேன். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

"அவங்க ஊர்லயும் வந்துச்சாங்க?"

"வராம? ராஜா ராணி மூஞ்சியெல்லாம் கூட அப்படித்தான் இருந்துச்சாம். அங்க ஆத்தா கெடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். வண்டி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து உன்னிடம் வார்த்தை பிசகாமல் சொன்னேன். நீ முறத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாய். ஒரு காயை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டு, வெறும் தோட்டைக் கையில் வைத்துப் பார்த்தாய்.

"நாம முத்துன்றோம், அவன் பைன்றான். அவன் சொல்றதுதான்டா சரி. முத்த ஆத்தா எடுத்துக்கினா. பைய எங்கிட்ட வுட்டுட்டா."

தோட்டைக் கீழே போட்டுவிட்டு அடுத்த காயை எடுத்தாய்.

பிறகு அம்மை குத்துகிறவர்கள் ஊர் ஊராக வர ஆரம்பித்தார்கள். ஜனம் வைக்கோற்போருக்குள் பிள்ளைகளை ஒளித்து வைத்தது. குத்த வந்த இன்ஸ்பெக்டருக்கு யாரோ உன்னைக் காட்டிவிட்டார்கள். அவர் உன்னைத் தெரு நடுவில் நிற்க வைத்து, "பாருங்க, குத்திக்கலன்னா இப்படித்தான் ஆவும்" என்றார். நான் அவர் மேல் பாயப் போனேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். "வுட்றா. ஊருக்கு இதுவாவது ஒதவட்டுமே" என்றாய். அன்றைக்குப் பத்துப் பிள்ளைகளாவது கை நீட்டியிருக்கும். நானும் நீட்டினேன். என் தோளில் அந்த வட்டம் இன்னும் இருக்கிறது.

குத்தக் குத்த ஆத்தா வருவது குறைந்தது. உன்னைத் தேடி ஆள் வருவதும் குறைந்தது. கோடைக்குக் கோடை நீ வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஊருக்கு நல்லது வந்தது. அந்த நல்லதில் உனக்கு ஒரு வேலை இல்லை.

இந்திச் சண்டையில் ரயிலெல்லாம் நின்று, எஞ்ஜின்கள் எல்லாம் ஷெட்டிலேயே கிடந்த வருஷம், நீ ரத்தமாக இருமினாய். ஆத்தா வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். வேப்பிலை உண்டு, மோர் உண்டு, மூணு தண்ணி உண்டு, உட்கார நீ உண்டு. இருமலுக்கு ஒரு முறையும் கிடையாது. எல்லாரும் தள்ளி நின்றார்கள். மங்கை ஒருத்திதான் செம்பில் மோர் கொண்டுவந்து சந்து முனையில் வைத்துவிட்டுப் போவாள். வளர்ந்துவிட்ட அந்தப் பெண் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். உன்னைப் போல எனக்கு வராது. நீ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாய். யாருடைய நிழலைப் பார்த்தாய் அக்கா?

"சொல்லிக்காம போனாரே" என்றாய் ஒருநாள். அதுதான் அந்த மனிதரைப் பற்றி நீ கடைசியாகச் சொன்னது. அப்புறம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

உன்னை எரித்தோம். மேளம் அடித்தார்கள்.

இதற்கு மேல் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டான் என்று ரேடியோவில் சொன்ன வருஷம். எனக்கு எஞ்ஜினிலேயே கரி போடுகிற வேலை கிடைத்திருந்தது. கூட்ஸ் வண்டி திண்டிவனத்தில் நின்றது, மல்லாட்டை மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனேன். மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் என்னையே பார்த்தார். தலை நரைத்துவிட்டிருந்தது.

"தம்பி நீ, காணைப் பக்கம்தானே? அந்த ஆத்தா வாசலுக்கு என்னக் கூட்டிக்கினு போனது நீதானே?"

"ஆமாங்க."

"அந்தக் கொழந்தைக்குக் கண்ணு தப்பிச்சிதா?"

அதைத்தான் முதலில் கேட்டார் அக்கா. "தப்பிச்சிதுங்க" என்றேன்.

"அக்கா நல்லா இருக்காங்களா? எந்த ஊர்ல குடுத்தீங்க?"

"எங்கயும் குடுக்கல. செத்துட்டாங்க."

அவர் அப்படியே மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "சொல்லி அனுப்புவீங்கன்னு ஆவணி முடியற வரைக்கும் பார்த்தேன் தம்பி. எங்க மாமாதான், வேற எடம் பார்த்துட்டாங்க போலருக்குன்னாரு."

"நீங்கதான சொல்லி அனுப்பணும்? பார்த்துட்டுப் போனது நீங்க."

"ஆத்தா எறங்கியிருக்கிற ஊருக்கு நாங்க எப்படிப்பா ஆள் அனுப்பறது? மூணாந்தண்ணி ஊத்தியாச்சி, கூழு ஊத்தியாச்சி, இனிமே வரலாம்னு உங்க பக்கத்துலேருந்துதான சேதி வரணும்? அதுதான முறை?"

அதுவும் முறைதான். ஆத்தா வந்த ஊர் விஷயத்தில் முறை அதுதான். அப்பா ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தணிகாசலம் ஒரு முறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரெண்டு பேரும் தப்பில்லை. நடுவில் நீ இருந்தாய்.

"அப்ப, சொல்லிக்காம போனீங்களே?"

"ஆத்தா வாசல்ல போயிட்டு வர்றேன்னு சொல்லலாமாப்பா? கொழந்த கெடக்குது உள்ள. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சி. முழுங்கிட்டேன்."

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "அவங்க மூஞ்சிய நெனச்சி..."

"மூஞ்சிக்கு இன்னா?" என்றார். "நான்தான் பார்த்தேனே."

டிரைவர் எஞ்ஜின் விசிலை ஊதினார். நான் ஓடி ஏறிவிட்டேன். மயிலம் தாண்டுகிற வரைக்கும் நெருப்பில் கரியை வாரி வாரிக் கொட்டிக்கொண்டே வந்தேன். "ஏன்டா இவ்வளவு போடற, பாய்லரு வெடிக்கப் போவுது" என்று டிரைவர் திட்டினார். வீட்டில் போய் யாரிடம் சொல்வேன்? நீ போய் வருஷங்கள் ஆகியிருந்தது. அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அந்த வயசில் அவர் அதைத் தாங்கியிருக்க மாட்டார்.

உன் முகம் காரணமில்லை அக்கா. அந்த இங்கிலீஷ் வார்த்தை காரணமில்லை. நீ சுவரைப் பார்த்துக்கொண்டு செத்தாயே, அதற்கு அவசியமே இல்லை. இதை உனக்குச் சொல்ல இத்தனை காலமாக ஒரு வழி தேடினேன். வழி ஒன்றும் இல்லை. செத்தவர்களுக்குச் சேதி போகாது என்று எனக்குத் தெரியும். இந்தக் காகிதத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று செல்வி கேட்கிறாள்.

இப்போதைய சமாசாரம் கேள். ஆத்தா அடியோடு போய்விட்டாள். என் பேரப்பிள்ளைகள் தோளில் அந்த வட்டம்கூட இல்லை. கரி எஞ்ஜினும் போயிற்று. நயினார் வாத்தியார் போனார், அப்பா போனார், மங்கை போனாள். தணிகாசலம் போய்விட்டதாகத் திண்டிவனத்தில் சொன்னார்கள். குழி விழுந்த முகம் என்று ஊருக்கு ஊர் பத்துப் பேராவது இருப்பார்கள், ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நானும் சந்தை, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று போகிற இடமெல்லாம் தேடிப் பார்க்கிறேன். கண்ணில் படவில்லை.

மங்கையின் பெண் திண்டிவனத்தில்தான் வாழ்க்கைப்பட்டாள். இப்போது அவளே கிழவி. மாசத்துக்கு ஒருதரம் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். போன மாசம் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்களாம். சின்ன வயசு டாக்டர் அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "பாட்டி, வயசுல பரு ரொம்ப வந்துச்சா?" என்று கேட்டாராம். பொக்கை வாயால் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாக்மார்க் என்று பேர் இருக்கிறது, அந்தப் பேருக்குள்ள முகம் இதுதான் என்று சொல்ல டாக்டருக்கே தெரியவில்லை.

"உன் கண்ணக் காப்பாத்தினது யாரு தெரியுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"ஆத்தாதான் மாமா. வேற யாரு?"

"எங்க அக்கா. பச்சையம்மா."

"எங்கம்மா சொல்லும், யாரோ ஒருத்தி வந்து ஒக்காந்திருந்தான்னு." யோசித்தாள். "பச்சையம்மாவா? நல்ல பேரு மாமா."

நினைவு அவளுக்குத் தப்பிக்கொண்டே வருகிறது. இந்த மாசம் போனபோது மறுபடி சொன்னேன். "யாரு மாமா அது?" என்றாள். அடுத்த மாசமும் அதைத்தான் கேட்பாள். எப்போதும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். காது மடலில் குழி, மூக்கு நுனியில் குழி. வெயில் பட்டால் நீ வாசற்படியில் நிற்பது மாதிரியே இருக்கும். அவள் ரெண்டு கண்ணாலும் என்னைப் பார்ப்பாள்.

கால் நடக்கிற வரைக்கும் போவேன் அக்கா. போகிறபோதெல்லாம் உன் பேரைச் சொல்வேன், அவள் மறந்தாலும் சொல்வேன். இந்தக் கடிதத்தையும் கொண்டுபோய் அவள் பேத்தியை விட்டுப் படிக்கச் சொல்வேன். எனக்குப் பிறகு? அதைப் பற்றி உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த வீட்டில் பேர் சொல்லக் கூடாது என்று, இவ்வளவு நேரம் அந்தக் குழந்தையின் பேரை நான் சொல்லவே இல்லை, கவனித்தாயா? நாக்குக்கு அது பழகிவிட்டது. இனிமேல் கோபித்துக்கொள்ள ஆத்தா எங்கே இருக்கிறாள்? சொல்லிவிடுகிறேன். உன் கையால் பிழைத்தவள், உன் முகத்தை இன்னும் இந்தப் பூமியில் வைத்திருப்பவள், நம்மில் மிச்சமிருப்பவள், சரசு.

இப்படிக்கு உன் கூடப்பிறந்த தம்பி,
ஏழுமலை